வடித்த தண்ணீர்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

டயாலிசிஸ் சென்டரில் இருக்கும் டயட்டீஷியன் பெண் ஒரு நோட்டுப் போடச் சொன்னாள். என் வீட்டுக்காரர் காலையில் என்ன சாப்பிட்டார், மத்தியானம் என்ன, எத்தனை மில்லி தண்ணீர் குடித்தார், எல்லாம் தேதிவாரியாக வேண்டுமாம். மாதம் ஒரு முறை வாங்கிப் பார்ப்பாளாம். பெரிய நோட்டாக வாங்கினேன். முன்பக்கத்திலிருந்து அவருக்கு. பின்பக்கத்திலிருந்து எனக்கு. நான் என்ன எழுதுகிறேன் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கப் போவதில்லை. இருபத்தெட்டு வருடமாக எதையும் கேட்டதில்லை.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் நான்கு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். மாற்று சிறுநீரகம் வைக்கலாமா என்று கேட்டதற்கு, இருதயம் தாங்காது என்று டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆக, அவர் உயிர் பாதி மெஷினிடம் இருக்கிறது, பாதி என் அடுப்பில் இருக்கிறது.

அவருக்கு எதிரி பொட்டாசியம். காய்கறியில் இருக்கிற சத்துதான் அது, நமக்கு நல்லது. சிறுநீரகம் போனவருக்கு வெளியேற வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். அளவு மீறினால் இருதயத்தை நிறுத்திவிடும். அதனால் கீரை கூடாது. முருங்கை, தக்காளி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இளநீர், எதுவும் கூடாது. சுரை, புடலை, பீர்க்கு, கத்தரி கொடுக்கலாம். அதையும் பொடியாக நறுக்கி இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அதையும் வடித்துவிட்டு, மிஞ்சுகிற சக்கையைத்தான் தாளித்துப் போட வேண்டும்.

வடித்த தண்ணீரை நான் வீணாக்குவதில்லை. அலுமினியக் குண்டாவில் ஊற்றிக் கிணற்றடியில் ஆறவைத்து, சாயங்காலம் செடிகளுக்கு விடுகிறேன். உப்புப் போடாத தண்ணீர், செடிக்கு நல்ல சாப்பாடு. சித்திரையில் ஆரம்பித்த தோட்டம் இது. பழைய மாட்டுத்தொழு இருந்த இடம் என்பதால் மண் கறுப்பாகப் பொலபொலவென்று இருக்கிறது. பந்தலில் புடலையும் பீர்க்கும், கீழே பத்துக் கத்தரி, சுவரோரம் சுரை. ஒரே ஒரு பாத்தி சிறுகீரை, எனக்கு. முருங்கை மரம் முன்பே நின்றது. ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

கத்தரியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து தெளித்தேன். முதுகு விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

புடலங்காய் வளைந்து போகாமலிருக்க நுனியில் கல் கட்டினேன். எட்டுப் பிஞ்சுக்கு எட்டுக் கல்.

மத்தியானம் அவருக்குச் சுரைக்காய்க் கூட்டு வைத்துவிட்டு, அடுக்களையில் நின்றபடியே கீரைக் கடைசலைப் பிசைந்து சாப்பிட்டேன். தண்ணீர் கேட்டு வந்தவர் வாசற்படியில் நின்று என் தட்டையே பார்த்தார்.

"எனக்குச் சக்கை. உனக்குக் கீரைக் கடைசல். நல்லாத் தின்னு."

உப்புக் கொஞ்சம் குறைந்தால் தட்டை முற்றத்துக்கு வீசியவர் இவர். வீசிய தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி சமைத்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல, பல தடவை. இப்போது உப்பே இல்லாமல் சாப்பிடுகிறார். வீச நினைத்தாலும் கையில் பலமில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பின்பக்கம்தானே, எழுதினால் என்ன.

ஆகஸ்ட் 31, சனி

மதினி வந்திறங்கிவிட்டார். என் வீட்டுக்காரருடைய அக்கா ஆவுடையம்மாள், சங்கரன்கோவில்காரர். வயது அறுபத்தெட்டு. கணவர் காலமாகிப் பல வருடமாயிற்று, பிள்ளைகள் இல்லை. தம்பிதான் அவருக்கு எல்லாம். தாய் இறந்தபோது தம்பிக்கு ஆறு வயது, தூக்கி வளர்த்தவர் இவர். தம்பிக்கு முடியவில்லை என்று பெட்டியோடு வந்திருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

காபி குடித்த கையோடு அடுக்களைக்குள் வந்தார். நான் பீர்க்கங்காயை வடித்துக்கொண்டிருந்தேன். குண்டாவையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏளா செம்பகம், இந்தத் தண்ணியை என்ன செய்வ?"

"செடிக்கு ஊத்துவேன் மதினி."

"சத்தெல்லாம் செடிக்கு ஊத்துத, சக்கையை எந் தம்பிக்குப் போடுத. நல்லா இருக்கு உன் சமையல்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மதினி தலையை ஆட்டினார். அந்த ஆட்டுதலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான மறுநாள் நான் வைத்த ரசத்துக்கும் அதே மாதிரிதான் ஆட்டினார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மதினியும் டயாலிசிஸுக்கு வந்தார். அங்கே நர்ஸ், "ரத்தம் கம்மியா இருக்கும்மா, ஊசி போடணும்" என்றாள். மதினிக்கு அந்த முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து ஆட்டோவை விட்டு இறங்கவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"ரத்தம் கம்மிங்கா அந்தப் பிள்ளை. வீட்டுக்குப் பின்னால முருங்கை மரத்தை வச்சுக்கிட்டு ஊசி எதுக்கு? ரெண்டு கொத்து ஒடிச்சுச் சாறு வச்சுக் குடுத்தா ரத்தம் தானா ஊறும்லா?"

"அவுகளுக்குக் கீரையே ஆகாது மதினி. அதுல பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு. கூடிச்சுன்னா நெஞ்சு நின்னுரும்னு சொல்லியிருக்காரு டாக்டர்."

"கடைக் கீரைக்கு அது சரி. மருந்தையும் உரத்தையும் கொட்டி வளக்கான். இது நம்ம மண்ணுல வெளஞ்சதுலா. ஒரு சொட்டு மருந்து கிடையாதுன்னு நீயே தெருவெல்லாம் சொல்லுத. அப்புறம் எங்கேருந்து வருது உன் பொட்டாசியம்?"

 தெருவெல்லாம் சொன்னது உண்மைதான். மண்ணிலிருந்து வருவதுதான் அது, நான் ஊற்றுகிற தண்ணீரிலும் போடுகிற உரத்திலும் இருப்பதுதான் அது என்று சொல்லிப் பார்த்தேன். மதினி கொட்டாவி விட்டார்.

செப்டம்பர் 9, திங்கள்

மீன் அமிலம் போட்டேன். மார்க்கெட்டிலிருந்து மீன் கழிவு ஒரு கிலோ, அதே அளவு வெல்லம், இறுக மூடி நிழலில் வைத்தாயிற்று. இருபத்தொரு நாள் கழித்துத் திறக்க வேண்டும். "பிள்ளையைக்கூட இப்படிப் பாக்கல, செடிக்கு ஊட்டிவிடுதா" என்று மதினி அவரிடம் சொல்வது கிணற்றடி வரை கேட்டது. எங்கள் மகள் சங்கரியை ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளை எப்படி வளர்த்தேன் என்று அவளிடம் கேட்டால் சொல்வாள்.

செப்டம்பர் 14, சனி

முதல் புடலை அறுத்தேன். முழங்கைக்கு மேல் நீளம், நேராக. யாருக்குக் காட்டுவது?

செப்டம்பர் 18, புதன்

சாயங்காலம் தண்ணீர் விடப் போனால் குண்டா காலியாக இருந்தது. மதினி செடிக்கு ஊற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பாத்தியில் கை வைத்துப் பார்த்தேன். மண் காய்ந்துபோய்த்தான் இருந்தது. வெயில் அதிகம், உறிஞ்சியிருக்கும்.

கீரைப் பாத்தியில் ஒரு மூலை கத்தரித்தது மாதிரி இருந்தது. ஆடு வந்திருக்கலாம். சுவர் ஆறடி.

செப்டம்பர் 21, சனி

இன்றும் குண்டா காலி. அவர் உற்சாகமாக இருக்கிறார். சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வாசல் வரை நடந்துவிட்டு வந்தார். அடுக்களையில் மிளகும் சீரகமும் நுணுக்கிய வாசம். நான் இன்று ரசம் வைக்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாதாந்திர ரத்தப் பரிசோதனை வந்தது. பொட்டாசியம் போன மாதம் ஐந்து புள்ளி ஒன்று. இப்போது ஆறு புள்ளி இரண்டு. எடையும் வழக்கத்தைவிட மூன்று கிலோ கூட, அத்தனையும் தண்ணீர். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"என்னம்மா குடுக்கிறீங்க?"

நோட்டைக் காட்டினேன். டயட்டீஷியன் பெண்ணும் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"அப்போ வேற யாரோ எதையோ குடுக்கிறாங்க. கண்டுபிடிச்சு நிறுத்துங்க. இது விளையாட்டு இல்லை."

"விசாரிக்கிறேன் சார்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மத்தியானம் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பின்கட்டு ஜன்னல் கிணற்றடியைப் பார்த்து இருக்கும். உள்ளே மதினி டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். பச்சையாக இருந்தது. நான் வடித்துவைத்த தண்ணீரில் முருங்கைக் கீரையைப் போட்டு வேகவைத்து, மிளகு தட்டிப் போட்ட சாறு. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார்.

உள்ளே போகத்தான் எழுந்தேன். எழுந்து நின்றபோது அவர் பேசியது கேட்டது.

"நீ வரலன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன்க்கா. இவ என்னைப் பட்டினி போட்டே கொன்னுருவா. இத்தனை வருசமா வச்ச வஞ்சம், இப்பத் தீத்துக்கிடுதா."

மதினி அவர் வாயைத் துடைத்துவிட்டார்.

நான் அடுப்படியில் ஒன்றரை வருடமாக நின்றிருக்கிறேன். ஊறப்போட்டு, கொட்டி, வேகவைத்து, வடித்து, தினமும் இரண்டு வேளை. அதற்குப் பெயர் வஞ்சம். உள்ளே போகவில்லை. தோட்டத்துக்குப் போய்க் கத்தரிப் பாத்தியில் களை எடுத்தேன். களை அதிகமில்லை, ஆனாலும் எடுத்தேன். நாளைக்கு மதினியிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 25, புதன்

இன்று சொல்லவில்லை. மதினி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்கினார்.

செப்டம்பர் 26, வியாழன்

இன்றும் முடியவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

மீன் அமிலம் திறந்தேன். நன்றாக வந்திருக்கிறது, தேன் நிறம். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது மில்லி. அளவு கூடினால் வேர் கருகிவிடும் என்று உரக்கடைக்காரர் சொல்லியிருந்தார், அதனால் அளந்துதான் விட்டேன்.

அக்டோபர் 2, புதன்

சொல்லிவிட்டேன். மதினி பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்.

"அவுகளுக்குக் கீரை ஏதும் குடுத்திராதீங்க மதினி. டாக்டர் சத்தம் போட்டாரு."

"நான் எங்க குடுத்தேன்?" என்றார், பூவிலிருந்து தலை நிமிராமல்.

நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். டம்ளரைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டியிருக்கலாம். சங்கரிக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவள் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள். சரி, கொடுக்கவில்லை என்று மதினி சொல்லிவிட்டார், பெரியவரைப் பொய் சொல்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இதற்குமேல் நான் என்ன செய்ய?

அக்டோபர் 5, சனி

கத்தரி வாட்டமாக இருக்கிறது. வடித்த தண்ணீர் போய்ச் சேராததால்தான். கடலைப் புண்ணாக்கு வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன். மூன்று நாள் புளித்ததும் கரைத்து விட வேண்டும். செடிகளுக்கு வேறு சாப்பாடு பார்த்தாகிவிட்டது. குண்டாவை வழக்கம்போலக் கிணற்றடியில்தான் வைக்கிறேன். வேறு எங்கே வைப்பது?

அக்டோபர் 9, புதன்

சுரைக்காய் நறுக்கும்போது அம்மா ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

சங்கரிக்கு மூன்று வயது இருக்கும். அம்மா களக்காட்டிலிருந்து வந்திருந்தாள். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் என்னோடு இருப்பதாக ஏற்பாடு. மூன்றாம் நாள் காலை பலகாரத்துக்கு உட்கார்ந்தாள். எதிரே இவர். நான் அம்மாவுக்கு நாலாவது இட்லி வைத்தேன். இவர் பேப்பரை இறக்கிவிட்டு, "நாலு" என்றார். அவ்வளவுதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மாவும் சிரித்தாள். அந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கை கழுவினாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பதினொரு வருடம் உயிரோடு இருந்தாள். என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "கோவம்லாம் இல்லட்டி, எனக்கு அலைச்சல் ஆகாது" என்பாள்.

இவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன், அம்மா செத்த அன்று. "நான் எண்ணத்தானே செஞ்சேன்" என்றார்.

அக்டோபர் 16, புதன்

நல்ல மழை. கீழ்க் கிளைகளிலெல்லாம் முருங்கை மொட்டையாகிவிட்டது. மேலே மட்டும் தளதளவென்று இருக்கிறது, மதினிக்கு எட்டாது. கொக்கி வைத்த துரட்டிக் கம்பை நான் எப்போதும் உள்ளே குளியலறைப் பரணில்தான் போட்டு வைப்பேன். இன்று சுவர்மேல் விழுந்த தென்னை மட்டையை இழுக்க எடுத்தவள் மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறதிதான்.

அக்டோபர் 17, வியாழன்

துரட்டி மரத்தடியில் கிடந்தது. எடுத்து உள்ளே வைக்கலாம் என்று நினைத்தேன். மழை வந்துவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

பொட்டாசியம் ஆறு புள்ளி ஆறு. டாக்டர் பேனாவை மேஜையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்ல யாரும் குடுக்கலையா?"

"தெரியலை சார்."

"இனிமேல் ஏறினா மெஷின் எடுக்கிறதுக்குள்ள ஆள் போயிருவார். ஒரு டயாலிசிஸ்கூடத் தவறக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. தண்ணீரில் கலக்கிக் கொடுக்க ஒரு பவுடர் எழுதிக் கொடுத்தார். அதை அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, மண்ணைக் கரைத்துக் கொடுக்கிறேன் என்று வாஷ்பேசினில் ஊற்றினார். முன்பக்கத்தில் "பவுடர் ஒரு வேளை கொடுத்தேன்" என்று எழுதினேன். கொடுத்தேன்தானே.

டாக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் முடிந்தால் அப்படித்தான், பச்சைப் பிள்ளை போலத் தூங்குவார். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் குண்டாவைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் இறங்கினேன். வாசலில் மதினி நின்றார். தோளில் கிடந்தவர் விழித்துக்கொண்டு, "யக்கா, இவ தோள்ல எலும்பு குத்துது" என்றார். மதினி சிரித்தார்.

பீர்க்கங்காய் வடித்தேன். குண்டாவைக் கிணற்றடியில் வைத்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

பன்னிரண்டு புடலை, மூன்று கிலோவுக்கு மேல் கத்தரி. புண்ணாக்கு வேலை செய்கிறது. தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். "உங்க கைராசி" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. சங்கரிக்கு இது ஏழாவது மாதம், அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வரவில்லை. போனில் அப்பாவிடம் பேசினாள். "எனக்கென்ன, ஜம்முன்னு இருக்கேன். அத்தை பாத்துக்கிடுதா" என்றார் அவளிடம்.

நவம்பர் 1, வெள்ளி

டயாலிசிஸ் நாள். எட்டு மணிக்கு ஆட்டோ வந்துவிட்டது. அவர் சட்டை மாற்றவில்லை.

"இன்னைக்கு வேண்டாம். நேத்துத் தீவாளி, உடம்பு அசதியா இருக்கு. நாளைக்குப் போவோம். நான் தெம்பாத்தானே இருக்கேன்?"

"ஒரு நாள் தள்ளிப்போனா என்ன? ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் புண்ணாக் கிடக்கு" என்றார் மதினி.

"வாங்க, போயிட்டு வந்துருவோம்" என்றேன். ஒரு முறை சொன்னேன். போன வருடம் இதே மாதிரி அடம் பிடித்தபோது கத்தி, அழுது, ஆட்டோக்காரரையும் கூப்பிட்டுப் பலவந்தமாகத் தூக்கி ஏற்றியிருக்கிறேன். இன்று ஒரு முறைதான் சொன்னேன்.

ஆட்டோக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு சென்டருக்குப் போன் செய்தேன். நாளை காலை ஏழு மணிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். சரி என்றேன்.

நவம்பர் 2, சனி

விடிந்து எழுந்தவருக்குக் காலைத் தூக்க முடியவில்லை. வாய் குழறியது. ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டார், மதினி கையை அல்ல. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. ஏழே கால்.

நவம்பர் 5, செவ்வாய்

அன்றே எடுத்துவிட்டோம். சங்கரி காரில் வந்து முகம் பார்த்துவிட்டாள். அழுதேன். பொய்யாக அழவில்லை. எதற்காக அழுதேன் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை.

பொட்டாசியம் எட்டுக்கு மேல் இருந்ததாம், உள்ளே கொண்டுபோனதும் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில். டயட்டீஷியன் பெண் போன் செய்தாள். "உங்க நோட்டுல எல்லாம் சரியா இருந்துச்சும்மா. நீங்க ஒரு குறையும் வைக்கல, மனசைத் தேத்திக்கோங்க" என்றாள். நோட்டில் பொய் கிடையாது. நான் கொடுத்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 11, திங்கள்

செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். சாதாரணத் தண்ணீர்.

நவம்பர் 17, ஞாயிறு

பதினாறு முடிந்தது. சாப்பாடு ஆனபிறகு சொந்தக்காரப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மதினி நடுவில். நான் எச்சில் இலை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஒண்ணரை வருசமா இவ சக்கையப் போட்டா. கடைசி ரெண்டு மாசம் எங் கையாலதான் வாய்க்கு ருசியா ஏதோ குடிச்சுட்டுப் போனான். தினமும் முருங்கைக் கீரைச் சாறு. ரத்தம் ஊறி எப்படி நடந்தான் தெரியுமா? அந்தத் திருப்தி ஒண்ணு போதும் எனக்கு."

சங்கரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்துவிட்டாள்.

"அத்தை, என்ன குடுத்தீங்க?"

"சாறுதாம்ளா. உங்கம்மா செடிக்கு ஊத்துத சத்துத் தண்ணியில..."

சங்கரி கத்தினாள். வயிற்றுப் பிள்ளையோடு அப்படிக் கத்தக் கூடாது. அந்தக் கீரைதான் அப்பாவைக் கொன்றது, அந்தத் தண்ணீரில் இறங்குகிற சத்துதான் அப்பாவுக்கு விஷம், அதற்காகத்தான் அம்மா வடித்துக் கொட்டினாள், உங்களுக்கு எத்தனை தடவை சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.  மதினி சங்கரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த வெற்றிலையை மடித்து மடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

நான் நடுவில் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். இலையை எடுத்த கை, கழுவ வேண்டும் என்று பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

சங்கரியை அவள் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போனார். மதினி நேற்றிலிருந்து ஒரு பருக்கை சாப்பிடவில்லை. தம்பி படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே தரையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். காபி கொண்டுபோய் வைத்தேன். ஆடை படிந்து அப்படியே இருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

காலையில் கத்தரி பறித்துக்கொண்டிருந்தேன். மதினி மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது. சேலையை வாரிச் சுற்றிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்.  நான் பறித்துக்கொண்டே இருந்தேன்.

"சங்கரி சொன்னது நெசமா?"

"ஆமா மதினி."

"நான் தூக்கி வளத்த பிள்ளை. எங் கையாலயே..."  வாயைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தெரியாமல் செய்தவர் அவர்.

"உங்களுக்குத் தெரியாதுலா மதினி" என்றேன்.

"நீ சொன்னியே. அன்னைக்கு ஒரு தடவை, பெறகு பூக் கட்டும்போது ஒரு தடவை. நான்தான் காதுல வாங்கல. குடுக்கவே இல்லன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்."

நான் அடுத்த செடிக்கு நகர்ந்தேன். மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏளா, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. நான் குடுக்கதை நீ பாத்தியா?"

இந்த நோட்டை எழுத ஆரம்பித்ததிலிருந்து யாரும் என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்கவில்லை. டாக்டர் கேட்டார், அது வேறு. மதினியின் கண் இரண்டும் வீங்கி, சின்னதாகி, என் முகத்திலேயே நின்றது. ஆமாம் என்று சொன்னால் பாதிப் பாரம் அவர்மேலிருந்து இறங்கும். அதை நான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

"இல்ல மதினி" என்றேன்.

மதினி தலையை ஆட்டினார். நான் அறிந்த பழைய ஆட்டுதல் அல்ல. கையை நீட்டி என் மண் ஒட்டின கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதான். பாத்திருந்தா விட்டிருக்க மாட்ட. உன்னை நான் என்னென்னமோ பேசியிருக்கேன், ஆனா அது எனக்குத் தெரியும். எந் தம்பியைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தவ நீ. என்ன ஆனாலும் தடுத்திருப்ப."

இருபத்தெட்டு வருடத்தில் மதினி என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

"ஆமா மதினி" என்றேன்.